கை நம்முடையது, பெயர் யாருடையது?

தோல் பை தைக்கிறோம். ஆயத்த ஆடை தைக்கிறோம். முறுக்குச் சுடுகிறோம், இட்லிக்கு மாவு அரைக்கிறோம், அப்பளம் இடுகிறோம். விடியுமுன் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓயாத உழைப்பு. ஆனால் அந்தப் பண்டம் கடைக்குப் போய்ச் சேரும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயர் நம்முடையதாக இருப்பதில்லை. வாங்குகிறவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார். அந்தப் பெயருக்காகவே கூடுதலாக விலையும் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் பணம் யார் பைக்குப் போகிறது என்று நாம் கேட்டதுண்டா?

ஒரு சிறு பட்டறைக்காரர் சேட்டிடம் வேலை எடுக்கும்போது எதைப் பற்றிப் பேரம் பேசுகிறார்? உருப்படிக்கு என்ன கூலி, எத்தனை நாளில் பணம், நூலும் பசையும் யார் செலவு என்று பேசுகிறார். இவை பேச வேண்டியவைதான். ஆனால், "யார் பெயரில் இதைச் செய்கிறோம்? அந்தப் பெயரை ஒட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா? நாளைக்கு வில்லங்கம் வந்தால் யார் பதில் சொல்வது?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கூலிக்கு வாய் திறக்கும் நாம் பெயருக்கு வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு நம் குடும்பங்கள் பெரிய விலை கொடுக்கின்றன. கூலியைப் போலவே பெயரும் நம் பேச்சுவார்த்தையில் இடம்பெற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

பெயரும் ஒரு முதல்தான்

"பெயரில் என்ன இருக்கிறது? வயிறு நிறைந்தால் போதும்" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பானக் கம்பெனிகளின் கதையைக் கேட்க வேண்டும்.

1977-இல் கோக்க கோலா கம்பெனி இந்தியாவை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் பார்லே கம்பெனி 'தம்ஸ் அப்' என்ற பானத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாசா என்று பார்லேயின் பெயர்கள் நாடெங்கும் பரவின. இந்தப் பானங்களைப் பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடை கடையாகக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? பல ஊர்களில் உரிமம் பெற்று நடந்த தனித்தனிப் பாட்டில் கம்பெனிகளும் அவற்றின் தொழிலாளர்களுந்தான். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1993-இல், கோக்க கோலா திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக அது வாங்கியது எதை? தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் முதலிய பெயர்களை. நாடெங்கும் இருந்த அத்தனை பாட்டில் தொழிற்சாலைகளையும் அது வாங்க வேண்டியிருக்கவில்லை. பெயர் கைக்கு வந்தால் தொழிற்சாலை தானே பின்னால் வரும் என்பது அதற்குத் தெரியும்.

அப்படியே நடந்தது. பார்லேயிடம் உரிமம் பெற்றுப் பானம் அடைத்து வந்த குஜராத் பாட்டிலிங் கம்பெனி, 1993-இல் கோக்க கோலாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் வேறு கம்பெனியின் பானத்தைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது அதில் ஒரு விதி. 1995-இல் அந்தக் கம்பெனியின் பங்குகள் போட்டிக் கம்பெனியான பெப்சியைச் சார்ந்தவர்களின் கைக்குப் போயின. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1995 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கோக்க கோலாவின் பக்கமே நின்றது. ஒப்பந்தக் காலத்துக்குள் அப்படித் தடை விதிப்பது செல்லும் என்பது தீர்ப்பு. இயந்திரம் பாட்டில் கம்பெனியுடையது, கட்டடமும் அதனுடையது. ஆனாலும் பெயருக்குச் சொந்தக்காரரின் அனுமதியின்றி அந்த இயந்திரத்தில் வேறு பானம் ஓடவில்லை.

கோல்ட் ஸ்பாட் என்ன ஆயிற்று? குழந்தைகள் கேட்டுக் கேட்டு வாங்கிய அந்த ஆரஞ்சுப் பானத்தைப் புதிய சொந்தக்காரர் காலப்போக்கில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். பெயரை வாங்கியவருக்கு அதை வளர்க்கவும் உரிமை உண்டு, புதைக்கவும் உரிமை உண்டு. பெயரைச் சுமந்து வளர்த்த தொழிலாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நாலு தையல் எந்திரம் போட்டிருப்பவர் எம்மாத்திரம்!

சட்டம் யார் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது?

டிரேட் மார்க் என்று வழக்கில் சொல்லப்படும் வணிகச் சின்னத்துக்கு இன்று நடப்பில் உள்ளது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 48-ஆம் பிரிவை நம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னத்தின் உரிமையாளர் அனுமதி கொடுத்து இன்னொருவர் அதைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாடு உரிமையாளரே பயன்படுத்தியதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம்.

இதன் பொருள் என்ன? ஒருவருடைய பெயரில் நீங்கள் இருபது வருஷம் பை தைத்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் தையலின் நேர்த்தியால் அந்தப் பெயருக்கு நல்ல மதிப்பு உண்டாகிறது. அந்த மதிப்பு முழுவதும் சட்டப்படி அவர் கணக்கில் ஏறுகிறது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் நீங்கள் வெறுங்கையோடு நிற்கிறீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உங்களுக்கு ஓர் ஆறுதல் தருகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று யாராவது எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது. தொழிலை நீங்கள் தொடரலாம். ஆனால் வாடிக்கையாளர் அறிந்த அந்தப் பெயர் உங்களோடு வராது. மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வடிவத்துக்கும் இதே நிலைமைதான். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காக ஒரு புதிய வடிவத்தைச் செய்து கொடுத்தால், செய்வித்தவரே அதன் உரிமையாளர். மாதிரிப் பை வெட்டிக் கொடுக்கும் நம் கைவினைஞர்கள் எத்தனை பேர்! அவர்கள் மூளையில் பிறந்த மாதிரி, ஒரு நாள் கூலியோடு கைமாறிவிடுகிறது.

லேபிள் ஒட்டும் கைக்கு விலங்கு

இனி இதைவிடக் கசப்பான பகுதிக்கு வருவோம். சின்னத்தின் உரிமையாளருக்குத் தெரியாமலே சிலர் அந்தப் பெயரைப் போடச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறார்கள். லேபிளும் அவர்களே தருகிறார்கள். "எல்லாம் பேசியாயிற்று, நீ தைத்துக் கொடு" என்கிறார்கள். வாய்ப்பேச்சைத் தவிர ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது.

பொய்யாக ஒரு சின்னத்தைப் பொருளில் பதிப்பதற்கு 103-ஆம் பிரிவு குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அத்தகைய சரக்கை விற்பனைக்கு வைத்திருப்பதும் 104-ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளரின் சம்மதம் இருந்தது என்று காட்டும் பொறுப்பையும் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே கட்டுகிறது. போலீஸ் வரும்போது சரக்கு எங்கே இருக்கும்? தைத்தவர் அறையில் இருக்கும். ஆர்டர் கொடுத்தவர் எங்கே இருப்பார்? அவருடைய போன் அணைந்திருக்கும்.

ஆயினும் அதே சட்டத்தில் நமக்கென்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. அது 112-ஆம் பிரிவு. பிறருக்காகச் சின்னம் பதித்துக் கொடுப்பதையும் அச்சு செய்து கொடுப்பதையுமே வழக்கமான தொழிலாகக் கொண்டவர் நான்கு விஷயங்களைக் காட்டினால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது அது. முதலாவது, அவர் தொழிலே பிறருக்கு வேலை செய்து கொடுப்பதுதான் என்பது. இரண்டாவது, இந்தச் சரக்கையும் அவர் அப்படிக் கூலிக்கே செய்தார், விற்பனை லாபத்திலோ கமிஷனிலோ அவருக்குப் பங்கில்லை என்பது. மூன்றாவது, உரிய எச்சரிக்கையோடு நடந்துகொண்டார், சின்னம் பொய்யானது என்று சந்தேகப்படக் காரணம் இருக்கவில்லை என்பது. நான்காவது, யாருக்காகச் செய்தார் என்பது பற்றித் தமக்குத் தெரிந்த முழு விவரத்தையும் கேட்டவுடன் கொடுத்தார் என்பது.

தோழர்களே, இந்த நான்கையும் எதைக் கொண்டு காட்டுவது? காகிதம் வேண்டும். ஆர்டர் சீட்டு, சலான், கூலி பெற்ற ரசீது, ஆர்டர் கொடுத்தவரின் பெயரும் முகவரியும், சின்னத்தைப் பயன்படுத்த அவருக்கிருக்கும் அதிகாரத்தின் நகல் இவையே நமக்குக் கவசம். "சேட்டு நல்லவர், எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்" என்று தயங்குகிறோம். எழுதிக் கொடுக்க அஞ்சுகிறவர் எதற்காக அஞ்சுகிறார் என்று யோசிக்க வேண்டாமா?

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பெரிய வக்கீல் வைத்துக்கொள்ள நம்மால் முடியாது. ஆனால் ஐந்து கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஒன்று: சின்னம் யாருடையது, அதை நம் பொருளில் போட நமக்கு எழுத்து மூலம் அனுமதி இருக்கிறதா?

இரண்டு: எத்தனை லேபிள் வந்தது, எத்தனை போயிற்று, மிச்சம் எத்தனை? மிச்சமான லேபிளையும் அச்சையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மிச்ச லேபிள் வீட்டில் கிடப்பது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

மூன்று: தரம் போதாது என்று கழித்துப் போட்ட சரக்கு யாருக்கு? சின்னத்தோடு அதை வெளியே விற்றால் குற்றம் நம் மேல் வரும். கழிவுச் சரக்கை ஆர்டர் கொடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது லேபிளை நீக்கி விற்க எழுத்து மூலம் அனுமதிக்க வேண்டும்.

நான்கு: "எந்த நஷ்டம் வந்தாலும் வேலை செய்பவரே பொறுப்பு" என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா? சின்னத்தின் பேரில் எழும் வழக்குக்கு அதைக் கொடுத்தவரே பொறுப்பு என்று அந்த வரியை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும்.

ஐந்து: நாம் சொந்தமாக வைத்திருக்கும் பெயரையோ மாதிரியையோ எழுதி வாங்கிக்கொள்ளும் வாசகம் உண்டா? உண்டென்றால் அதற்குத் தனி விலை என்ன?

ஆங்கிலத்தில் இருக்கும் தாளை வாசிக்கத் தெரியாவிட்டால், படிக்கும் பிள்ளைகளை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

ஏழு பெண்கள் காட்டிய வழி

எப்போதும் பிறர் பெயருக்கே உழைக்க வேண்டும் என்று நம் தலையில் எழுதியிருக்கிறதா? இதே மும்பையில் அதற்குப் பதில் இருக்கிறது.

1959 மார்ச் மாதம், கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி, தங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். ஒரு வியாபாரியிடம் கூலிக்கு இட்டுக் கொடுத்திருந்தால் அவர்கள் கதை யாருக்கும் தெரிந்திராது. அவர்கள் தங்கள் அப்பளத்துக்குத் தாங்களே 'லிஜ்ஜத்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தங்கள் பொது அமைப்பின் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். இன்று பல்லாயிரம் பெண்கள் பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பளம் இட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் செய்யும் வேலைதான், உருப்படிக் கணக்குத்தான். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் அமைப்பின் உறுப்பினர்கள், லாபத்தில் பங்குள்ளவர்கள். நம் தாய்மார்கள் சுடும் முறுக்குக்கும் அந்த அப்பளத்துக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம்? உழைப்பு ஒன்றுதான். அங்கே பெயர் உழைப்பவரிடம் இருக்கிறது; இங்கே அது நம்மிடம் இல்லை.

தோல் தொழிலாளருக்கும் அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூன் மாதம் இத்தாலியின் பிராடா கம்பெனி மிலான் நகரக் கண்காட்சியில் அதே சாயலில் செருப்பைக் காட்டியது. இந்தியாவின் பெயரைச் சொல்லவில்லை. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்தே அந்த மாதிரி பிறந்தது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் நிறுவனங்களோடு உடன்பாடும் செய்துகொண்டது. அந்தச் செருப்பின் விலையில் தைப்பவர் கைக்கு எவ்வளவு வரும் என்பதைக் கண்காணிக்க வேண்டியது வேறு விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: செருப்புக்குச் சட்டத்தில் பதிவான ஒரு பெயரும், அந்தப் பெயருக்காகப் பேச ஓர் அமைப்பும் இருந்தன. பெயரில்லாத சரக்குக்கு யார் கண்டனம் தெரிவிப்பார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. சொந்த ஊர்ப் பாசத்தால் மும்பையில் சுட்ட முறுக்குக்கு அந்தப் பெயரை ஒட்டினால், அந்த ஊரில் இருக்கும் நம் சகோதரரின் உரிமையையே நாம் பறித்தவர்களாவோம். சட்டமும் அதை மன்னிக்காது. நமக்கென்று புதிய பெயர் வைப்போம்; தமிழில் பெயருக்கா பஞ்சம்!

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி மனிதரும் சிறு தொழில் செய்பவரும் இணைய வழியில் ஒரு வகைப் பொருளுக்குச் சின்னம் பதிவு செய்ய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டணம் 4,500 ரூபாய். பெரிய கம்பெனிக்கு 9,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். அந்தப் பதிவு அலுவலகத்தின் தலைமையகம் டில்லியில் இல்லை; நம்மவர் குடும்பங்கள் நிறைய வாழும் ஆண்டாப் ஹில் பகுதியிலேயே இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருந்தும் தாகத்தோடு நிற்கிறோம்.

தனியாக இந்தத் தொகை பாரமாகத் தோன்றலாம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 61-ஆம் பிரிவு முதல் 68-ஆம் பிரிவு வரை கூட்டுச் சின்னம் பற்றிப் பேசுகின்றன. ஒரு சங்கம் தன் பெயரில் ஒரு சின்னத்தைப் பதிவு செய்து, தன் உறுப்பினர்கள் செய்யும் பொருளுக்கெல்லாம் அதைப் பயன்படுத்த விடலாம். யார் பயன்படுத்தலாம், என்ன தரம் இருக்க வேண்டும், தவறினால் என்ன நடவடிக்கை என்ற விதிகளைப் பதிவாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் பணம் திரட்டத் தெரிந்த நம் தமிழ்ச் சங்கங்களுக்கு இது முடியாத காரியமா? தோல் பைக்கு ஒன்று, தின்பண்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கூட்டுச் சின்னங்களோடு தொடங்கலாம்.

"முதலில் கூலி உயரட்டும், பெயரைப் பிறகு பார்க்கலாம்" என்று சில தோழர்கள் சொல்வார்கள். அவர்களுடைய அக்கறை நியாயமானது. கூலிப் போராட்டத்தை யாரும் ஒத்திவைக்கச் சொல்லவில்லை. ஆனால் பெயர் முழுவதும் எதிர்த்தரப்பில் இருக்கும்வரை, "உனக்குக் கட்டாவிட்டால் அடுத்த சந்தில் இன்னொருவன் இருக்கிறான்" என்ற வசனம் ஓயாது. வாடிக்கையாளர் தேடி வரும் ஒரு பெயர் நம்மிடமும் இருந்தால், கூலிப் பேச்சிலும் நம் குரலுக்குக் கனம் கூடும்.

"போலி லேபிள் வேலையில்தான் கூலி அதிகம்" என்று சொல்வோரும் உண்டு. அதிகந்தான். அந்த அதிகக் கூலி, சிறைக்குப் போகும் ஆபத்துக்குக் கொடுக்கப்படும் விலை. ஆபத்து நமக்கு, ஆதாயம் அவர்களுக்கு என்ற அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

தாராவியில் இருப்பவர்களுக்கு இதில் அவசரமும் உண்டு. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்தில், எந்தப் பட்டறைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்ற கவலை ஒவ்வொரு சந்திலும் பேசப்படுகிறது. இடத்துக்கான போராட்டம் நடக்கட்டும். ஆனால் பட்டறை இடம் பெயர நேர்ந்தால், சுவரும் விலாசமும் கூட வரமாட்டா. பதிவான பெயர் கூட வரும். வாடிக்கையாளரையும் கூட்டி வரும்.

அரசிடமும் ஒரு கோரிக்கை வைப்போம். பிறர் சின்னம் பதித்த சரக்கைக் கூலிக்குச் செய்யச் சொல்பவர், எழுத்து மூலமான ஆர்டரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யட்டும். சோதனைக்கு வரும் அதிகாரிகள் தைத்தவரைப் பிடித்ததோடு நிறுத்தாமல், தைக்கச் சொன்னவரின் கதவையும் தட்டட்டும். 112-ஆம் பிரிவு என்ற ஒன்று இருப்பதை நம் மொழியிலும் அச்சடித்துப் பட்டறைதோறும் கொடுக்கட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதம் ஆர்டர் எடுக்கும் ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒரு சீட்டுக் கேட்டு வாங்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கக் கிளையும் கூட்டுச் சின்னம் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வரட்டும். பிழைக்க வந்த ஊரில் நம் உழைப்புக்கு நம் பெயரையே சூட்டும் காலம் தானாக வராது. நாம்தான் அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும்.